பாரிஸிலிருந்து வரும் ட்ரோன் தேவனாம்பட்டினத்தில் பறக்குமா?

கேள்வி இதுதான்: "கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அக்கா குடும்பம் புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அக்கா மகனுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ அட்டை. மாசி மகத்துக்கு வரும்போது 249 கிராம் ட்ரோன் ஒன்றைக் கொண்டுவந்து புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் இங்கே தேவனாம்பட்டினத்திலும் படம் எடுக்க ஆசைப்படுகிறான். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் உலகத்தில் எங்கேயும் பிரச்சினை இல்லை மாமா என்கிறான். உண்மையா? ஜூன் மாதம் நானும் வீட்டம்மாவும் பாரிஸ் போகிறோம், திரும்பும்போது துபாயில் மூன்று நாள். அங்கெல்லாம் நான் ட்ரோன் ஓட்டலாமா? அங்கேயே ஒன்று வாங்கிக்கொண்டு வரலாமா?"

முதலில் நேரடியான பதில். மாப்பிள்ளை அந்த ட்ரோனை பாரிஸ் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். ஜூன் மாதம் நீங்கள் அங்கே போகும்போது அதே ட்ரோனை நீங்களும் ஓட்டலாம், சட்டப்படியே. துபாய்க்கு ட்ரோன் வேண்டாம். வாங்கி வரும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

இனி காரணம். 250 கிராம் கணக்கு பொய் இல்லை, ஆனால் பாதிதான் உண்மை. பல நாடுகள் அந்த எடையில் ஒரு கோடு போட்டிருக்கின்றன. அமெரிக்காவில் அதற்குக் கீழே, பொழுதுபோக்குக்கு மட்டும் ஓட்டினால், பதிவு வேண்டாம். ஐரோப்பாவில் அதற்குக் கீழே தேர்வு எழுத வேண்டாம். இந்தியாவிலும் 250 கிராம் வரை 'நானோ' வகை. ஓட்டுவதற்குச் சான்றிதழ் வேண்டாம். இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் கம்பெனிகள் 249 கிராமில் செய்து விற்கின்றன. ஆனால் அது விமானத்துறை போட்ட கோடு. நாட்டுக்குள் பொருளை விடலாமா என்று முடிவு செய்வது கஸ்டம்ஸ். இந்த இடத்தில், இன்றைக்கு, ஏற்றலாமா என்று முடிவு செய்வது அந்த ஊர் வான்வெளி வரைபடமும் உள்ளூர் நிர்வாகமும். மூவரும் தனித்தனி. ஒருவர் கொடுத்த சலுகையை இன்னொருவரிடம் காட்டினால் செல்லாது. ட்ரோனோடு வெளிநாடு போய் விழிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், விமானத்துறை விதியை மட்டும் படித்துவிட்டுப் பெட்டி கட்டியவர்களாக இருப்பார்கள்.

அந்த 249-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். கம்பெனி சொல்வது சாதாரண பேட்டரியோடு உள்ள எடை. கூடுதல் நேரம் பறக்கும் பெரிய பேட்டரியைப் போட்டாலோ, இறக்கைக்குக் காப்பு வளையம் மாட்டினாலோ, கோடு தாண்டிவிடும். பறக்கும்போது என்னென்ன மாட்டியிருக்குமோ அத்தனையோடும் மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் ஒரு முறை வைத்துப் பார்ப்பது நல்லது. அதோடு, கோடும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பிரிட்டனில் 250 ஆக இருந்தது, 2026 ஜனவரி 1 முதல் 100 கிராம் ஆகிவிட்டது. இப்போது அங்கே மாப்பிள்ளையின் குட்டி ட்ரோனுக்கும் பதிவு வேண்டும், ஓட்டுபவர் ஆன்லைன் தேர்வும் எழுத வேண்டும்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி, வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. முழு ட்ரோன் மட்டுமல்ல, பாதி பிரித்தது, முழுசாகப் பிரித்தது எல்லாமே தடைதான். உதிரி பாகங்களுக்கு மட்டும் தடையில்லை, உள்நாட்டில் தயாரிக்கிறவர்களுக்காக. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு வேலைகளுக்கு விலக்கு உண்டு, அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். அக்கா மகன் மாசி மகம் படம் எடுப்பது இந்த மூன்றிலும் வராது. தடையில் எடைக் கணக்கே கிடையாது. 249 கிராமும் ட்ரோன்தான், 2 கிலோவும் ட்ரோன்தான். பெட்டியில் வருவது சொந்த உபயோகத்துக்குத்தானே, இறக்குமதி எப்படி ஆகும் என்று பலர் கேட்பார்கள். சுங்கச் சட்டத்தின் கண்ணில் எல்லையைத் தாண்டி உள்ளே வரும் எந்தப் பொருளும் இறக்குமதிதான், கண்டெய்னரில் வந்தாலும் கைப்பையில் வந்தாலும்.

ஓசிஐ அட்டை இங்கே கைகொடுக்காது. அது விசா இல்லாமல் வந்து போக, தங்க, இன்னும் சில விஷயங்களுக்கு உதவும் அட்டை. சட்டப்படி அவர் வெளிநாட்டுக் குடிமகன்தான். புதுச்சேரிக் குடும்பங்களில் இதைச் சொன்னால் கொஞ்சம் கோபம் வரும். தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய், பாட்டிக்கு பிரான்சிலிருந்து பென்ஷன், வீடு முத்தியால்பேட்டையில், நான் எப்படி வெளிநாட்டான் என்பார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ் மேஜைக்கு எதிரே நின்று பேசும்போது புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-இல் யார் எந்தக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற வரலாறு எடுபடாது.

அந்த மேஜையில் நடப்பதைச் சொல்கிறேன். பெட்டி பெல்ட்டில் வருவதற்கு முன்பே எக்ஸ்ரே பார்த்துவிடுவார்கள். சந்தேகம் வந்த பெட்டியின் மேல் சாக்பீஸால் ஒரு குறி இருக்கும். பெல்ட்டில் பெட்டியை எடுக்கும் அவசரத்தில் நாம் அதைக் கவனிக்கமாட்டோம். அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் கிரீன் சேனல் வாசலில் நிற்பவர் கவனிப்பார். ட்ரோனின் நான்கு மோட்டாரும் ரிமோட்டும் எக்ஸ்ரேயில் அச்சடித்த மாதிரி தெரியும். துணிக்குள் சுருட்டி வைத்தாலும் ஒன்றுதான். கேட்கும்போது "பொம்மைதான் சார்" என்பது அங்கே தினமும் கேட்கும் வசனம். சுங்க அறிவிப்புப் படிவத்தில் ட்ரோன் என்று பேர் போட்டே ஒரு வரி இருக்கிறது. அதில் "இல்லை" என்று எழுதிவிட்டுக் கிரீன் சேனலில் நடந்தால், தடைப் பொருள் கொண்டுவந்தது ஒரு தப்பு, மறைத்தது இன்னொரு தப்பு. பறிமுதலும் அபராதமும் வரும்.

ஏற்கெனவே கிளம்பிவிட்டார், ட்ரோன் பெட்டியில் இருக்கிறது என்றால்? அப்போதும் ஒரு கண்ணியமான வழி இருக்கிறது. அறிவிக்கப் பொருள் உள்ளவர்கள் போகும் ரெட் சேனலுக்குப் போய், "என்னிடம் ட்ரோன் இருக்கிறது, திரும்பிப் போகும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்று உண்மையைச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். சுங்கச் சட்டம் 1962-இன் 80-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. உண்மையாக அறிவித்த பொருள் தடைப் பொருளாகவே இருந்தாலும், பயணி கேட்டுக்கொண்டால் அதிகாரி அதை வாங்கி வைத்துக்கொண்டு, நாட்டை விட்டுப் போகும்போது திருப்பிக் கொடுக்கலாம். ரசீது தருவார்கள். அந்த ரசீதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது, புறப்படும் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாக விமான நிலையம் போவது, இரண்டும் முக்கியம். கிடங்கைத் திறந்து பொருளை எடுத்துக் கொடுக்க ஆள் வர வேண்டும், அதுவரை விமானம் நிற்காது. சென்னையில் இறங்கி பெங்களூரில் விமானம் ஏறுவது போலத் திட்டம் இருந்தால் வம்புதான். வேறொரு பயணியை எழுத்து மூலம் நியமித்தோ, சரக்காகவோ அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்த அலைச்சலுக்கு ட்ரோன் விலை ஈடாகாது.

இதே பேச்சில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். பிரான்சிலிருந்து வரும் பையன்களில் மலை ஏறுகிறவர்கள் சேட்டிலைட் மெசஞ்சர் என்று ஒரு கருவி வைத்திருப்பார்கள். சேட்டிலைட் போன், அந்த வகைக் கருவிகள் எல்லாமே இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். இதில் கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. ட்ரோனைவிட அது பெரிய தலைவலி.

இப்போது, எப்படியோ ஒரு ட்ரோன் இங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பறக்கவிடுவதை ஆளுவது ட்ரோன் விதிகள் 2021. அந்த ஆகஸ்டில் வந்தது. முன்பிருந்ததைவிட எவ்வளவோ இளகியது. 2018-இல் வந்த முந்தைய ஏற்பாட்டில் வெளிநாட்டவர் இங்கே ட்ரோன் ஓட்டவே கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. புதிய விதிகளில் 2 கிலோ வரை, வியாபாரம் இல்லாமல் ஓட்டினால், ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராம் வரை இன்சூரன்ஸும் கட்டாயமில்லை. ஆனால் ட்ரோனுக்குத் தனி அடையாள எண் வேண்டும், அதைத்தான் யுஐஎன் என்கிறார்கள். நானோ வகைக்கு இதிலிருந்து விலக்கு என்று விதியில் எங்கும் எழுதவில்லை. சட்டப்படி உள்ளே வராத ட்ரோனுக்கு எண் கேட்டு விண்ணப்பிப்பது நாமே போய் மாட்டிக்கொள்வதுதான். பிரான்சில் மாப்பிள்ளை பதிவு செய்து வைத்திருக்கும் எண் இங்கே செல்லாது. விதியை மீறினால் இந்த விதிகளின் கீழ் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. போலீஸ் வழக்கு தனி.

வான்வெளிக்கு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து அளந்தால் 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குள் பச்சை, 5 முதல் 8 வரை தரையிலிருந்தே மஞ்சள், அதற்கும் உள்ளே பொதுவாகச் சிவப்பு. சிவப்புக்கு மத்திய அரசு அனுமதி வேண்டும், மஞ்சளுக்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி.

இந்தக் கணக்கை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையம் சின்னதுதான், நாளைக்கு ஒன்றிரண்டு விமானம். விமானம் எத்தனை என்று விதி கேட்பதில்லை. கடற்கரை காந்தி சிலை அங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான், சுற்றுச்சுவரிலிருந்து அளந்தால் இன்னும் குறையும். வைத்திக்குப்பம் அதைவிடக் கிட்டம். ஆரோவில் மாத்ரிமந்திரும் அந்தத் தொலைவுக்குள்தான். ஒயிட் டவுனில் துணைநிலை ஆளுநர் மாளிகை, சட்டப்பேரவை, பிரெஞ்சுத் துணைத் தூதரகம் எல்லாம் நாலு தெருவுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. வெளிநாட்டவர்கள் ஆசையாகப் படமெடுக்க நினைக்கும் அத்தனை இடமும் இப்படித்தான் வளையத்துக்குள் விழுகிறது. சுண்ணாம்பாற்றுப் பக்கம் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம். தேவனாம்பட்டினம் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் லாஸ்பேட்டை வளையம் அங்கே எட்டாது. அதற்காகக் கடலூர் முழுக்கப் பச்சை என்று நினைக்க வேண்டாம். துறைமுகம், சிப்காட் ஆலைகள் எல்லாம் இருக்கும் கரை. போகும் அன்று காலையில் வரைபடத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

மறுபடி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மாநில அரசோ யூனியன் பிரதேச நிர்வாகமோ போலீசோ ஓர் இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். பெரிய தலைவர் வந்தால், பெரிய கூட்டம் கூடினால், இது நடக்கும். மாசி மகத்தை நினைத்துப் பாருங்கள். மயிலம் முருகன் முதல் சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வரிசை கட்டி வைத்திக்குப்பம் மணலில் நிற்கும்போது, தண்ணீர் விளிம்பு வரை தலை. ஒரு பக்கம் திதி கொடுக்கிறவர்கள், ஒரு பக்கம் குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், குடை, தீவட்டி, பலூன்காரர். கடல் காற்று பத்து மணிக்கு மேல் வலுத்துவிடும். 249 கிராம் என்பது அந்தக் காற்றுக்கு ஒன்றுமேயில்லை. பேட்டரி தீர்ந்து "திரும்பி வா" என்று ஆப் கத்தும்போது காற்றை எதிர்த்து வரமுடியாமல் ட்ரோன் அந்தரத்தில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கீழே இறக்க வெறும் மணல் ஒரு கஜம்கூட இருக்காது. சட்டத்தை விடுங்கள், கூட்டத்துக்கு மேலே ஓட்டக் கூடாது என்பது தொழிலில் இருக்கும் நாங்களே வைத்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாடு.

பிடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 2019 செப்டம்பரில் டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைப் பகுதியில் ட்ரோனில் படமெடுத்ததாக ஓர் அமெரிக்கத் தந்தையையும் மகனையும் போலீஸ் பிடித்து விசாரித்தது. சுற்றுலாப் பயணிகள்தான். விடுமுறையில் வந்தவருக்கு அபராதத் தொகையைவிட அந்த விசாரணை நாட்கள்தான் தண்டனை.

மாப்பிள்ளைக்குப் படம்தானே வேண்டும்? இங்கே பதிவு எண்ணும் சான்றிதழும் வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்கு ஹெலிகேம் ஓட்டுகிறவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய இருக்கிறார்கள். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் போய் நின்றால் மலையடிவாரத்திலேயே நாலு பேரைப் பார்க்கலாம். ஒரு காலைப் பொழுதுக்குப் பேசி, எந்த இடம், எந்த நேரம், போலீசிடம் யார் சொல்வது என்பதை அவர்கள் தலையில் போட்டுவிடுங்கள். யுஐஎன் எண்ணையும் ஓட்டுநர் சான்றிதழையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இனி உங்கள் ஜூன் மாதப் பயணம். இங்கேதான் நல்ல செய்தி.

ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் 2020 டிசம்பர் 31 முதல் ஒரே ட்ரோன் விதி. அதில் இரண்டு ஆட்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆபரேட்டர் என்பவர் ட்ரோனுக்குப் பொறுப்பானவர், பைலட் என்பவர் கையில் ரிமோட் வைத்திருப்பவர். பதிவு ஆபரேட்டருக்கு, படிப்பு பைலட்டுக்கு. கேமரா உள்ள ட்ரோன் என்றால், பொம்மை வகையாக இல்லாதவரை, 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும் ஆபரேட்டர் பதிவு செய்தாக வேண்டும். பிரான்சில் அது ஆல்ஃபாடாங்கோ என்ற அரசுத் தளத்தில். மாப்பிள்ளை இதைச் செய்து, கிடைத்த எண்ணை ட்ரோன் மேல் ஒட்டியிருக்க வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள், பலர் செய்வதில்லை. அவர் ஆபரேட்டராக இருக்க, நீங்கள் பைலட்டாக ஓட்டலாம். 250 கிராமுக்குக் கீழே பைலட்டுக்குத் தேர்வு இல்லை, ட்ரோனின் கையேட்டைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும். 250-ஐத் தாண்டினால் ஆன்லைன் பாடமும் 40 கேள்வித் தேர்வும் உண்டு. இந்தியாவில் நான் வைத்திருக்கும் சான்றிதழ் அங்கே அதற்குப் பதிலாகாது; நானும் அங்கே போனால் அந்தத் தேர்வை எழுத வேண்டியதுதான்.

ஓட்டும்போது 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ட்ரோன் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கூட்டத்துக்கு மேலே கூடவே கூடாது. இந்த மூன்றும் ஐரோப்பா முழுக்கப் பொது. கண்ணுக்குத் தெரிவது என்றால் ரிமோட் திரையில் தெரிவது இல்லை, வெறும் கண்ணால். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போது ஒருவர் வேடிக்கை பார்க்க அனுப்பிய சிறிய ட்ரோன், அவர் பார்வையை விட்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போய், தண்ணீர் கொட்டும் விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. தீயணைப்பு விமானம் தரையில் நின்றது. சின்ன ட்ரோன் என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பிரான்சுக்கென்று கூடுதலாக ஒன்று: ஊருக்குள், பொது இடத்துக்கு மேலே, பொழுதுபோக்குக்கு ஓட்டக் கூடாது. தெரு, பூங்கா, சதுக்கம் எல்லாம் பொது இடம்தான். பாரிஸ் நகரம் சொல்லவே வேண்டாம். ஈஃபில் கோபுரத்துப் பக்கம் ட்ரோனை வெளியே எடுக்கும் எண்ணம்கூட வேண்டாம், மீறினால் சிறை வரை போகச் சட்டத்தில் இடமிருக்கிறது. இரவிலும் கூடாது. நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கும் லா கூர்நவ், சார்செல் பக்கங்களில் அக்கா வீடு என்றால், அங்கேயும் ஆகாது. நெருக்கமான ஊர், அதோடு லே பூர்ஜே, ரூவாசி விமான நிலையங்கள் பக்கத்திலேயே. பிரெஞ்சு அரசின் ட்ரோன் வரைபடத்தில் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள், சிவப்பாக இருக்கும். ஒரு மணி நேரம் ரயிலேறி வயல்வெளிக்குப் போய், நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஓட்டுங்கள். படத்தில் அடையாளம் தெரியும்படி யாராவது விழுந்தால் கேட்காமல் வெளியிடக் கூடாது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். ரீயூனியன் தீவில் சொந்தக்காரர்கள் இருந்து அங்கே போனாலும் இதே ஐரோப்பிய விதிதான், தீவு ஆப்பிரிக்கப் பக்கம் இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம்.

அக்கா குடும்பத்தோடு ஜெர்மனி, இத்தாலி என்று கார் எடுத்துக்கொண்டு சுற்றினால் பிரான்சில் செய்த பதிவு அங்கேயும் செல்லும். ஆனால் அந்த இரண்டு நாட்டிலும் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இன்சூரன்ஸ் கட்டாயம். பிரான்சில் பலர் வீட்டு இன்சூரன்ஸில் இது அடங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ட்ரோனைத் தனியாக விலக்கி எழுதியிருக்கும் பாலிசியும் உண்டு, வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

துபாய். அபுதாபியில் 2022 ஜனவரியில் ட்ரோன், ஏவுகணைத் தாக்குதல் நடந்த சில நாட்களில் அமீரகம் முழுக்கப் பொழுதுபோக்கு ட்ரோனுக்குத் தடை வந்தது. பிறகு படிப்படியாகத் தளர்த்தினாலும் பதிவு, அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாது. மூன்று நாள் தங்கப் போகிறவருக்கு இது வேலையில்லாத வேலை. தாய்லாந்து இன்னொரு பாடம். அங்கே கேமரா உள்ள ட்ரோனை விமானத்துறையில் ஒரு முறை, அலைவரிசைக்காகத் தொலைத்தொடர்பு ஆணையத்தில் ஒரு முறை பதிவு செய்ய வேண்டும், பத்து லட்சம் பாட் இன்சூரன்ஸும் வேண்டும். இத்தனையும் செய்து முடித்தவர்கள்கூட 2025 ஜூலையில் கம்போடியாவோடு சண்டை வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று, நாடு முழுக்கத் தடை. இலங்கையிலும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் அப்படித்தான் நிறுத்தினார்கள். ஆறு மாதம் முன்பு யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துக் கிளம்பக் கூடாது என்பது இதற்காகத்தான்.

மொராக்கோ, எகிப்து இரண்டும் பிரான்சிலிருந்து விடுமுறைக்குப் போகும் இடங்கள். மொராக்கோவில் முன் அனுமதி இல்லாத ட்ரோனைக் கஸ்டம்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளும். எகிப்தில் 2017-இல் வந்த சட்டப்படி பாதுகாப்பு அமைச்சக அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேல் பதிவு. விமான நிலையங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ 200 அடிக்கு மேலேயோ எடை எதுவானாலும் பர்மிட். அந்தத் தீவில் 5 கிலோமீட்டர் வளையங்களைப் போட்டுவிட்டு மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அமெரிக்காவில் வெளிநாட்டவரும் இலவச ஆன்லைன் தேர்வை முடித்து, 250 கிராமுக்கு மேல் என்றால் அந்நாட்டு விமானத்துறையான எஃப்ஏஏ-வின் தளத்தில் பதிவு செய்துகொண்டு ஓட்டலாம். தேசியப் பூங்காக்களில் மட்டும் 2014 முதல் கிடையாது. அந்த ஆண்டே யெல்லோஸ்டோனில் ஒரு டச்சுப் பயணியின் ட்ரோன் வெந்நீர் ஊற்றில் விழுந்து, அவருக்கு 3,000 டாலருக்கு மேல் செலவானது.

ஆப் சம்பந்தமாக ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. "தடை இடம் என்றால் ட்ரோன் மேலேயே ஏறாது, ஏறுகிறதே, அப்போது சரிதான்" என்பார்கள். டிஜேஐ என்ற கம்பெனியின் ட்ரோன்கள் முன்பு அப்படித்தான் பூட்டிக்கொண்டன. 2024-இல் ஐரோப்பாவிலும் 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும் அந்தப் பூட்டை கம்பெனியே எடுத்துவிட்டது; இப்போது எச்சரிக்கை மட்டும் காட்டும், ஓகே அழுத்தினால் பறக்கும். பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவர் தலையில்.

விமானத்தில் எடுத்துப் போவது பற்றியும் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். உதிரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-ஹவர் வரை விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டாம்; குட்டி ட்ரோனின் சாதாரண பேட்டரி 20-ஐக்கூடத் தொடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் போட்டு, முழு சார்ஜ் இல்லாமல் பாதியில் வைப்பது நல்லது.

கடைசியாக, அங்கே வாங்கி வரும் யோசனை. பாரிஸ் கடையில் டூரிஸ்ட் என்று சொன்னால் வரியைத் திருப்பித் தரும் டி-டாக்ஸ் படிவம் நீட்டுவார்கள், விலை குறைவாகத் தெரியும். உங்கள் பெயரில் வாங்கினால் அங்கே ஓட்ட நீங்களே ஆபரேட்டராகப் பதிவு செய்ய வேண்டும், அது நடக்கிற காரியம்தான். ஊருக்குக் கொண்டுவர முடியாதே, அக்கா வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் அந்த வரி திரும்பாது, ஏனென்றால் டி-டாக்ஸ் வாங்கிய பொருள் ஐரோப்பாவை விட்டு வெளியே போயாக வேண்டும். வெளியே எடுத்து வந்தால் முதலில் துபாய், அடுத்து மீனம்பாக்கம் ரெட் சேனல்.